மாத்திரை யாருடையது?

ஆரணியில் தறிச் சத்தம் நின்றால் தெருவே என்னவென்று கேட்கும். தார் சுற்றுகிற பெண்ணுக்கு நெஞ்சு படபடத்தால், 'மனச தைரியமா வச்சுக்க' என்பதோடு சரி. எனக்கும் அதையேதான் சொன்னார்கள்.

மருத்துவர் எழுதித் தந்த எஸ்சிட்டலோபிராமைப் பருப்பு டப்பாவில் ஒளித்து வைத்தேன். பலன் தெரியச் சில வாரங்கள் ஆயின. 'நல்லாயிட்டியே, இன்னும் எதுக்கு?' என்றார் அத்தை. நிறுத்தினேன். தலைசுற்றல், எரிச்சல், பிறகு பழைய பீதி. திடீரென நிறுத்தக் கூடாது, அளவைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நிறுத்தினேன், நல்ல மருமகளாக இருக்க.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சையை உரிமை என்கிறது. உரிமையை ஒளித்து வைத்து விழுங்குவது என்ன நியாயம்? அத்தையின் சர்க்கரை மாத்திரைக்குப் பக்கத்திலேயே இப்போது என்னுடையதும் இருக்கிறது. குறைப்பதா, தொடர்வதா என்பதை நானும் மருத்துவரும் பேசி முடிவெடுக்கிறோம்.