மண்சரிவும் அறிந்தோர் கடனும்

காட்டு மரவேர் மலைமண்ணைப் பிணித்து நிற்கும்; பெருமழைநீர் மண்துளைகளில் நிறையுமாயின் உராய்வு தளர்ந்து சரிவு நழுவும். அட்டன், நுவரெலியா மாணவர் பயிலும் எளிய பாடம் இது. ஆயினும், சரிவின்கீழ் எவர் வாழ்வது என்பதை இயற்கை விதித்ததில்லை. காடழித்துக் கோப்பியும், 1867 முதல் தேயிலையும் பயிரிட்ட தோட்டத்துரைமார் லயன்களைத் தாம் குறித்த இடத்திலேயே கட்டுவித்தனர். குடியிருந்தோருக்குக் காணியுரிமை இருக்கவில்லை.

2014 ஒக்டோபர் 29இல், பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்ட லயன்கள் மண்ணுள் புதையுண்டன. 2005இலும் 2011இலும் அங்கு ஆபத்து உணர்த்தப்பட்டிருந்தது. எச்சரித்தும் பெயராதது அவர்தம் தவறன்றோ என்பர் சிலர். தெரிவு என்பது வேறிடம் உள்ளவர்க்கே உண்டு. ஆதலால், ஆபத்தை அறிந்தோர் கடன் எச்சரிக்கையோடு தீராது. பாதுகாப்பான காணி அம்மக்கள் கைசேரும்வரை அது நிலைக்கும்.