பதிவேடும் ஆளும்

ஒருவர் உண்டது, உறங்கியது, சென்றது, பொருள் வாங்கியது ஆகிய அனைத்தையும் ஒன்றுவிடாது தொகுத்தால், அத்தொகுப்பை அவர் என்று கொள்ளலாமா? கணினி பெருகியபின் இவ்வினா தருக்க நூலுக்கு மட்டும் உரியதன்று. ஓவியரும் நிழற்படக் கலைஞரும்கூட இதனை எடுத்து ஆள்கின்றனர்.

ஹசன் எலாஹி வங்கதேசத்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த கலைஞர். 2002ஆம் ஆண்டில் வெளிநாடு சென்று திரும்பியபோது டெட்ராய்ட் விமான நிலையத்தில் தடுத்து நிறுத்தப்பெற்றார். புளோரிடாவில் அவர் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் வெடிபொருள் பதுக்கினார் என்பது ஐயம். 2001 செப்டம்பர் 12 அன்று எங்கிருந்தீர் என வினவினர். தம் மின்னணு நாட்குறிப்பைத் திறந்து, அன்று வாடகை செலுத்தியது, வகுப்பு எடுத்தது என நேரத்தோடு காட்டினார். அதன்பின்னும் பல மாதங்கள் விசாரணை. ஒன்பது முறை பொய்யறியும் கருவிச் சோதனை. இறுதியில் ஐயம் நீங்கியது. ஆயினும் முறையாகக் குற்றம் சாட்டப்பெறாதவருக்கு முறையான விடுவிப்புக் கடிதம் கிடைக்கவில்லை!

அவர் அறை எடுத்ததும் வாடகை செலுத்தியதும் மெய். பொய்யான செய்தி அவற்றில் இல்லை. வெடிபொருளைச் சேர்த்தது பிறர் மனம். ஒரே செய்தி ஒருவர் கையில் குற்றச்சாட்டாகவும், மற்றொருவர் கையில் சான்றாகவும் நின்றது.

இதில் நமக்கு வியப்பில்லை. நாம் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், பிறந்த நாள் அறியாத குழந்தைக்கு வயதைக் கணித்து ஒரு நாளைப் பள்ளிப் பதிவேட்டில் எழுதுவர். பின்னாளில் வேலையும் ஓய்வும் ஓய்வூதியமும் அந்நாளைக் கொண்டே அமையும். பெற்ற தாயே வந்து கூறினும் ஏடுதான் வெல்லும்.

எலாஹி பின்னர்த் தம் இருப்பிடத்தையும் செலவுக் கணக்கையும் தாமே இணையத்தில் வெளியிட்டார். உண்ட தட்டு, படுத்த கட்டில், கழிப்பறை என்று பல்லாயிரம் படங்கள். படைப்பின் பெயரைத் தமிழில் ‘நிலையாமையைப் பின்தொடர்தல்’ எனலாம். அப்படங்களில் பெரும்பாலும் அவர் இல்லை. தட்டு இருக்கிறது, உண்டவரைக் காணோம். எல்லாவற்றையும் கொட்டிவிடுவதே தம்மை மறைத்துக்கொள்ளும் வழி என்பது அவர் துணிபு.

அத்துணிபை முழுதும் ஏற்க நம்மால் இயலவில்லை. கலைத்திறனும் கல்வியும் உடையவருக்கு அவ்வழி கைகொடுத்தது. தவறு செய்யாத ஒருவர் தம் உறங்கும் கட்டிலைக்கூட ஊருக்குக் காட்டவேண்டி வந்ததே, அதனை எவ்வறத்தில் சேர்ப்பது? நாட்குறிப்பு எழுதும் வழக்கமில்லாத கூலித் தொழிலாளி ஒருவர் அந்நாளில் அவ்வறையில் அமர்ந்திருந்தால், செப்டம்பர் 12 காலை பற்றி அவர் என்ன விடை கூறியிருப்பார்?