உணவு மறுத்தலும் வதையே



ஒசூர்த் தொழிற்சாலைகளில் பணியாற்றும் நம் குடும்பத்தார் திருமலை செல்வதாயின் கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியே திருவண்ணாமலையை அடைந்து, அங்கிருந்து போளூர்ச் சாலையில் திரும்புவது வழக்கம். 2012 செப்டம்பரில் நாம் நான்கு குடும்பத்தினர் அவ்வாறே புறப்பட்டோம். ஊத்தங்கரையைக் கடந்ததும் குழந்தைகள் தண்ணீர் கேட்டனர். ஒரு மாந்தோப்பின் ஓரம் வண்டியை நிறுத்தினோம். அங்கே கம்பிவேலிக்கு அப்பால் ஆளுயரத்தில் ஆறு பறவைகள் நின்றுகொண்டிருந்தன.

ஈமு என்னும் பறவையைப் படத்தில் கண்டதுண்டு. அருகில் கண்டது அன்றுதான். ஆஸ்திரேலியாவே அதன் தாயகம். உயரத்தில் நெருப்புக்கோழிக்கு அடுத்த பறவை அதுவே. சிறகு பெயரளவில்தான், ஆனால் மூன்று விரல்கள் உடைய அக்கால்களால் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவல்லது. அன்று அவற்றுக்கு ஓடுவதற்கு இடமும் இல்லை, வலிமையும் இல்லை. முதுகுத்தண்டு துருத்தி நின்றது. ஒரு பறவை வேலியருகே வந்து, ஒரு சிறுவனின் சட்டைப் பொத்தானைத் தானியமென எண்ணியோ என்னவோ கொத்திற்று. சிறுவன் சிரித்தான். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

தோப்புக்காரர் வந்து தம் கதையைக் கூறினார். அவர் பறவை வாங்கிய நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். கதை எல்லாருக்கும் ஒன்றுதான். அந்நாளில் ஈரோடு மாவட்டம் பெருந்துறையில் இயங்கிய சுசி ஈமு நிறுவனத்தின் திட்டத்தை நாளிதழ் வாயிலாகப் பலரும் அறிவர். 1,50,000 ரூபாய் செலுத்தினால் 6 குஞ்சுகளும் கொட்டகையும் தீவனமும் தந்து, மாதந்தோறும் 6,000 ரூபாயும் அளிப்போம் என்றனர். வளர்க்க இடமில்லாதோர் பணத்தை மட்டும் செலுத்தலாம்; பறவையை நிறுவனமே வளர்க்கும். இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் சொல்லப்பட்ட சந்தை வரவே இல்லை. புதிதாய்ச் சேர்ந்தவர் பணமே பழையவருக்கு வருமானமாயிற்று. 2012 ஆகஸ்டில் அந்நிறுவனம் மூடப்பட்டது. தீவனமின்றித் தவித்த பறவைகளுக்கு அரசின் கால்நடைத் துறையினர் உணவளிக்க நேர்ந்தது.

இதனைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, நம்முடன் வந்த அன்பர் ஒருவரின் முகம் வாடியது. தாமும் அவ்வாறு ஒரு நிறுவனத்தில் பணம் மட்டும் செலுத்தியதாக அவர் மெல்லச் சொன்னார். "முட்டையும் குஞ்சும்தான் வியாபாரம் என்றார்கள். நான் எதையும் கொல்லவில்லை, கட்டவில்லை, பறவையைப் பார்த்ததுகூட இல்லையே" என்றார்.

அன்பர்களே, அவரைக் குறைகூற நாம் வரவில்லை. பெண்ணின் திருமணத்துக்குச் சேர்த்த பணம் அது. ஆயினும் அவர் கூற்றை நம் அறநூல் கொண்டு ஆராய்ந்து பார்த்தல் கடமையாகும். ஈமு எண்ணெய் செக்கில் ஆட்டுவதன்று. கொல்லப்பட்ட பறவையின் கொழுப்பிலிருந்து எடுப்பது. குஞ்சு, முட்டை எனத் தொடங்கும் கணக்கு முடியும் இடம் அதுவே.

மேலும், கொல்லாமை என்னும் அணுவிரதம் உயிரைப் போக்காதிருப்பதோடு நின்றுவிடுவதில்லை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் அவ்விரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுசுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். இவற்றுள் ஐந்தாவதைக் கவனியுங்கள். அதற்குக் கை ஓங்க வேண்டியதில்லை, கத்தி வேண்டியதில்லை. வேலிக்குள் அடைத்துவிட்டு வாளாவிருந்தாலே போதும்.

நோன்பின் அருமை அறிந்தவர்கள் நாம். ஈமுவின் ஆண்பறவையே முட்டைகளின்மீது அமர்ந்து ஏறக்குறைய எட்டு வாரம் அடைகாக்கிறது. அந்நாள்களில் அது உண்பதே அரிது. உடலில் சேர்ந்த கொழுப்பைக் கொண்டே உயிர் தரிக்கிறது. தன் மக்களுக்காக அவ்வளவு பொறுக்கும் பிராணியை, நம் வட்டிக்காகப் பட்டினியில் நிறுத்தலாமா? முன்னது அதன் இயல்பு. பின்னது நாம் அதன்மேல் சுமத்திய துன்பம்.

"பார்த்ததுகூட இல்லை" என்பதற்கு விடை, நாம் தரிசிக்கச் சென்றுகொண்டிருந்த திருமலையிலேயே இருக்கிறது. அங்கே பாறையில் 16 அடி உயரத்தில் நிற்பவர் நேமிநாதர். சிகாமணிநாதர் என நாம் போற்றுபவர். மணக்கோலத்தில் தேரேறி வந்த அவர், வழியில் அடைபட்ட விலங்குகளின் ஓலத்தைக் கேட்டுப் பாகனை வினவினார். திருமண விருந்துக்காக அடைத்தவை என்று பாகன் கூறினான். அவற்றை அடைத்தவர் நேமிநாதர் அல்லர். அடைக்கச் சொன்னவரும் அல்லர். அதுவரை அவர் அவற்றைக் கண்டதும் இல்லை. ஆயினும் தம் பொருட்டு அடைபட்டவை என்று அறிந்த கணத்திலேயே அவற்றை விடுவித்துத் தேரைத் திருப்பினார். இராஜமதியையும் அரசையும் துறந்து கிர்னார் மலை ஏறினார். செய்தல், செய்வித்தல், செய்தார்க்கு உடன்படுதல் என்னும் மூன்றையும் நாம் மனப்பாடமாய்ச் சொல்கிறோம். பணம் செலுத்திப் பெறும் ரசீது இவற்றுள் எதில் சேரும் என்று மட்டும் கேட்டுப் பார்ப்பதில்லை.

நேமிநாதர் கூண்டைத் திறந்துவிட்டார். இங்கே அதுவும் இயலாது. வேற்று நாட்டுப் பறவை; இந்தக் காட்டில் விட்டால் நாய்க்கும் சாலை வண்டிக்கும் இரையாகும். எடைபோட்டு வாங்க ஆள் வந்து கேட்டபோதும் தோப்புக்காரர் கொடுக்கவில்லை. "வளர்த்த கையால எப்படிங்க?" என்றார். அவர் நம் சமயத்தவர் அல்லர். வீட்டுக்கு வைத்திருந்த கேழ்வரகை ஊறவைத்து அவற்றுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

திருமலையில் வழிபாடு முடிந்தது. குந்தவை ஜினாலயத்தைக் குழந்தைகளுக்குக் காட்டிவிட்டுத் திரும்பினோம். செங்கத்தில் அந்த அன்பர் வண்டியை நிறுத்தச் சொல்லி, 50 கிலோ மக்காச்சோள மூட்டை இரண்டைத் தம் பணத்தில் வாங்கினார். பொழுது சாயுமுன் உண்ண வேண்டுமென்று பெரியவர்கள் நினைவூட்டினர்; தோப்பில் இறங்கி உண்ணலாம் என்றார் அவர். மூட்டைகளை இறக்கியபின், இவை எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்டார். ஆறு பறவைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "இருபது நாள் வருமுங்க" என்றார் தோப்புக்காரர். அன்பர் தம் கைக்குறிப்பேட்டில் அந்தத் தேதியை எழுதிக்கொண்டார்.