இயற்கை யாருக்குச் சாட்சி?

பிள்ளை வளர்ப்பது பெண்ணின் இயற்கை என்று சொல்பவர்கள் உடனே ஒரு விலங்கைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அடைகாக்கும் கோழி, கன்றை நக்கும் பசு. நம் மரபில் மீனும் உண்டு: பார்வையாலேயே முட்டையைப் பொரிக்கும் தாய்மீன் என்று மீனாட்சியின் பெயருக்கே விளக்கம் சொல்வார்கள்.

ஆனால், முட்டையைக் காக்கும் மீனினங்களில் தந்தை மட்டுமே காப்பதுதான் அதிகம். மன்னார் வளைகுடாவின் கடல்குதிரையில் முட்டைகளை வயிற்றுப்பையில் சுமந்து குஞ்சுகளை வெளியிடுவது ஆண். அதற்கு இணையான இன்னொரு தந்தை ஸ்டிக்கிள்பேக் என்னும் முள்முதுகு மீன். நம் நாட்டில் கிடையாது. வடக்கே குளிர்நாடுகளின் நன்னீரிலும், கழிமுகங்களின் உப்புக் கலந்த நீரிலும் வாழும் விரலளவு மீன். அதில் ஒன்பது, பத்து முள் கொண்ட இனம் ஒன்று. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் கறுத்துவிடும். தன் சிறுநீரகத்தில் சுரக்கும் பசையால் பாசியை ஒட்டிக் கூடு கட்டும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதன்பின் செட்டையால் நீரை விசிறி முட்டைகளுக்குப் பிராணவாயு சேர்ப்பதும், எதிரிகளை விரட்டுவதும், குஞ்சுகளைக் காப்பதும் ஆணின் வேலை.

இந்த மீனை ஆக்ஸ்போர்டில் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர் டெஸ்மண்ட் மோரிஸ். பின்னர் 1967இல் 'தி நேக்கட் ஏப்' என்ற நூலை எழுதி உலகப்புகழ் பெற்றவரும் அவரே. அந்த நூலில் ஆதிமனிதன் வேட்டைக்குப் போகிறான். பெண் குழந்தைகளோடு இருப்பிடத்தில் காத்திருக்கிறாள். தந்தை கூடு கட்டுவதைத் தொட்டியில் ஆண்டுக்கணக்கில் பார்த்தவருக்கும், மனிதரைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது பழைய வீட்டுக் கதைதான் கைக்கு வந்தது. 1972இல் எலெய்ன் மார்கன் 'தி டிசன்ட் ஆஃப் உமன்' நூலில் இத்தகைய கதைகளை எதிர்த்தார். பரிணாமத்தின் நாயகன் ஏன் எப்போதும் ஆணாகவே இருக்கிறான் என்று கேட்டார். அவர் சொன்ன நீர்வாழ் மனிதக் குரங்குக் கோட்பாட்டை அறிவியலாளர்கள் ஏற்கவில்லை. கேள்வி மட்டும் நிலைத்தது.

கோழிக்குப் பதில் இந்த மீனை நம் சாட்சியாக நிறுத்திவிடலாமா? ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதன் நெருங்கிய உறவான மூன்றுமுள் மீனில், தந்தை தன் கூட்டு முட்டைகளையே சில நேரம் தின்றுவிடும். சாட்சியை ஏற்றால் அதையும் ஏற்க வேண்டும். மீனுக்குப் பாராட்டும் இல்லை, பழியும் இல்லை. அதற்கு வேறு வழி தெரியாது. வேறு வழி தெரிந்தவர்களிடம்தான் நியாயம் கேட்க முடியும்.

கொடைக்கானல் மலையில், பேத்துப்பாறையில், காப்பிப் பழம் பறித்துவிட்டு வந்த ஓர் அக்காவிடம் இந்த மீனைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "கோழி அடைகாத்தா யாரும் ஒண்ணும் சொல்றதில்ல டீச்சர். ஆம்பள மீன் காத்தா மட்டும் கதையாச் சொல்றீங்க."

அவர் சொன்னதில் எல்லாம் இருக்கிறது. ஒரே வேலையை ஆண் செய்தால் குணம், பெண் செய்தால் இயற்கை. குணத்துக்குப் புகழ் உண்டு. இயற்கைக்கு நன்றிகூட வேண்டாம். ஊற்றுத் தண்ணீருக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? 'இயற்கை' என்ற சொல் பெண்ணின் உழைப்பைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. உழைப்பே இல்லையென்று ஆனபின் அதைப் பங்கிடும் பேச்சும் எழாது.

ஆகவே யாருடைய மீன் உண்மையான மீன் என்று வழக்காடுவதில் பயனில்லை. பால் கொடுப்பது உடலின் வேலை. குளிப்பாட்டுவது, சோறூட்டுவது, காய்ச்சலில் விழித்திருப்பது எந்த உடலுக்கும் எழுதிவைக்கப்பட்டதல்ல, கற்றுக்கொள்வது. கற்கக் கூடியதை இருவரும் கற்கலாம்.

அம்மா தோட்டத்துக்குப் போன நாளில் தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியிலிருந்து நிறுத்தப்படுவது அக்காதான், அண்ணன் அல்ல. அந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. அவளை வீட்டில் நிறுத்தியது இயற்கை அல்ல, ஒரு முடிவு. முடிவென்றால் எடுத்தவர் இருப்பார். அவரிடம் போய்க் கேட்கலாம்.