உழுவது பாவமா

ஆக்லாந்து நகரத்திலிருந்து தெற்கே சுமார் ஐம்பது கிலோமீட்டர் போனால் புகெகோஹே. எரிமலைச் சாம்பல் மக்கி உண்டான செம்பழுப்பு மண். உறைபனி அதிகம் தாக்காத தட்பவெப்பம். வருடம் முழுக்க ஏதாவது ஒன்று விளைந்துகொண்டே இருக்கும். 2010-ல் பிராங்ளின் மாவட்டம் கலைக்கப்பட்டபோது இந்த ஊர் ஆக்லாந்து கவுன்சிலின் எல்லைக்குள் வந்தது. வெங்காயம், உருளைக்கிழங்கு, காரட் ஆகியவை இங்கே பெயர்போன பயிர்கள். மூன்றும் கண்டிப்பான சமணர் வீட்டுச் சமையலறைக்குள் நுழையாதவை. கிழங்குக்குள்ளேயே எண்ணற்ற உயிர்கள் குடியிருக்கின்றன, அதைப் பிடுங்கும்போது மண்ணிலுள்ள சிற்றுயிர்களும் சேர்ந்து மாள்கின்றன என்பது அவர்கள் சொல்லும் காரணம். இந்த மண்ணில் தலைமுறைகளாகப் பாடுபட்டவர்களில் குஜராத்திலிருந்து வந்த குடும்பங்களும் உண்டு. 1920-களின் நடுவில் வெள்ளை நியூசிலாந்து லீக் என்ற அமைப்பு இதே ஊரில் அவர்களுக்கு எதிராகக் கிளம்பியபோதும் அவர்கள் நிலத்தை விட்டுப் போகவில்லை. சமணம் ஆழ வேர்விட்ட பகுதியிலிருந்து வந்தவர்கள், சமணம் விலக்கிய பயிர்களை உலகத்தின் மறுகோடியில் விளைவித்தார்கள். உழவு ஹிம்சையா என்ற பழைய கேள்வியை எழுப்பிப் பார்க்க இது தகுந்த இடம்.

கேள்வி நிஜமாகவே பழையது. மனு ஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம், வைசியத் தொழிலால் பிழைக்க நேரும் பிராமணனும் க்ஷத்திரியனும் பயிர்த்தொழிலைத் தவிர்க்க வேண்டும் என்கிறது. இரும்பு முனை வைத்த மரம் நிலத்தையும் நிலத்தில் வாழும் உயிர்களையும் கொல்கிறது என்று காரணமும் சொல்கிறது. பௌத்த விநய விதிகள் துறவி மண்ணைத் தோண்டுவதையும் பிறரைக் கொண்டு தோண்டுவிப்பதையும் குற்றமாகக் குறித்தன. சமண நூல்கள் நிலம் பிளக்கும் தொழிலை இல்லறத்தார் ஒதுக்க வேண்டிய பதினைந்து தொழில்களில் ஒன்றாக வைத்தன. எதிர்த்திசையில் வள்ளுவர் நிற்கிறார். 33-ஆம் அதிகாரத்தில் கொல்லாமையைத் தலையாய அறமாக வைத்த அவரே 104-ஆம் அதிகாரத்தில் உழவரை உலகத்துக்கே அச்சாணியாக்குகிறார். இரண்டு அதிகாரங்களும் ஒன்றையொன்று அறியாமல் எழுதப்பட்டவை என்று நினைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். உழவைத் தூற்றியவர்களும் போற்றியவர்களும் ஒரே விஷயத்தை விட்டுவிட்டார்கள்: எவ்வளவு ஆழம், எந்தச் சாய்வு, எந்த ஈரத்தில் என்று அவர்களில் பெரும்பாலோர் கேட்கவில்லை. அந்தக் கேள்விகளில்தான் உழவின் அறம் இருக்கிறது என்பதே என் வாதம்.

இதற்கான ஆதாரம் சமணத்திலேயே கிடைக்கிறது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்குத் தரும் வரையறையில் உயிர் போவது மட்டும் இல்லை. கவனம் தவறிய செயலால் உயிர் போவது என்ற நிபந்தனை முதலில் வருகிறது. துறவி நடக்கும்போது முன்னால் ஒரு நுகத்தடி நீளத்துக்கு நிலத்தைப் பார்த்து அடிவைக்க வேண்டும் என்ற விதியும் இந்த எண்ணத்தின் நீட்சிதான். ஏர் பிடிப்பதை ஒதுக்கிய மரபு தன் விழிப்பை அளக்க ஏர்க்கருவியின் ஓர் உறுப்பையே எடுத்துக்கொண்டது. இல்லறத்தாருக்கு அவர்கள் இன்னொரு வழியும் வைத்திருந்தார்கள். வேண்டுமென்றே செய்யும் கொலையிலிருந்து, தொழிலில் தவிர்க்க முடியாமல் நேரும் ஹிம்சையைப் பிரித்து, முன்னதை முழுக்க விலக்கச் சொன்னார்கள். பின்னதை இயன்றவரை குறைக்கச் சொன்னார்கள். வள்ளுவர் பொச்சாவாமைக்கு, அதாவது மறதியும் அசட்டையும் இல்லாமைக்கு, தனி அதிகாரமே ஒதுக்கினார். அது அரசனுக்குச் சொன்னது என்பார்கள். நிலத்தின் மேல் அவ்வளவு அதிகாரம் உள்ள உழவனுக்கும் அது பொருந்தும்.

இனி கலப்பைக்கு வருவோம். டிராக்டரின் பின்னால் கலப்பை மூன்று இடங்களில் மாட்டப்படுகிறது. கீழே இரண்டு கைகள் அதை இழுக்கின்றன, தூக்குகின்றன. மேலே நடுவில் ஒரே ஒரு தண்டு: டாப் லிங்க். அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் 1920-களில் காப்புரிமை பெற்று வளர்த்தெடுத்த அமைப்பு இது. அதற்கு முந்தைய டிராக்டர்களில் கலப்பை கல்லிலோ வேரிலோ சிக்கினால் முன்சக்கரம் எழும்பி வண்டி ஓட்டுநர் மேலேயே மல்லாந்துவிடும் ஆபத்து இருந்தது. ஃபெர்குசன் அமைப்பில் தடை கூடும்போது அந்த விசை டாப் லிங்க் வழியாக முன்னால் தள்ளி வண்டியின் முகப்பை அழுத்தி நிறுத்துகிறது. அதே தள்ளலை ஒரு ஸ்பிரிங் உணர்ந்து ஹைட்ராலிக்கை இயக்க, கலப்பை சற்று மேலே எழுகிறது. மண்ணின் எதிர்ப்பை இயந்திரம் கேட்டுப் பதில் சொல்லும் முறை என்றே இதைச் சொல்லலாம். கலப்பையின் சாய்வை இந்தத் தண்டின் நீளம் தீர்மானிக்கிறது. நீளத்தைக் குறைத்தால் கொழு மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கும், முன் கொழு ஆழமாகவும் பின் கொழு மேலாகவும் போகும். கூட்டினால் வால் தாழ்ந்து பின் கொழு ஆழமாகும். மரை போட்ட பழைய தண்டில் இதைச் சரிசெய்ய வண்டியை நிறுத்தி, இறங்கி, குழலைத் திருகி, மறுபடி ஏறி ஓட்டிப் பார்க்க வேண்டும். மேடும் பள்ளமுமான நிலத்தில் வயலுக்கு ஒருமுறை இறங்கினாலே பெரிது. மீதி நேரமெல்லாம் தப்பான சாய்வில்தான் ஓடும்.

ஹைட்ராலிக் டாப் லிங்க் அந்தத் தண்டுக்குப் பதில் ஒரு சிலிண்டரை வைக்கிறது. இருக்கையில் உட்கார்ந்தபடியே லிவரைத் தொட்டால் நீளும், குறுகும். அதைப் பொருத்துவதே பொறுமை கேட்கும் வேலை. முதலில் பழைய தண்டு உழவின்போது நிற்கும் நீளத்தை அளந்து, அந்த நீளம் சிலிண்டர் ஓட்டத்தின் நடுப்பகுதியில் விழும்படி தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கம் திருத்த இடமிருக்காது. மாட்டும் பின்னின் (pin) அளவு வண்டிக்கும் கருவிக்கும் ஒத்துப்போக வேண்டும்: சின்ன வகைக்கு 19 மில்லிமீட்டர், அடுத்ததற்கு 25.4. இரண்டு ஹோஸ்களும் கலப்பையை முழுக்கத் தூக்கினாலும் இறக்கினாலும் எங்கும் நசுங்காமல், கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. ஷாஃப்டில் உரசாமல் போக வேண்டும். முழு உயரத்தில் தண்டை முழுக்கக் குறுக்கினால் கருவி பின்கண்ணாடியில் இடிக்குமா என்று மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். எண்ணெய் ஓட்டத்தைக் குறைத்து வைக்காவிட்டால் லிவரைத் தொட்டதும் கலப்பை துள்ளும். கசிவை வெறுங்கையால் தடவித் தேடக் கூடாது. அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அட்டைத் துண்டை நீட்டித்தான் பார்க்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியம் லாக் வால்வு. அது இல்லாத சிலிண்டர் லிவர் அசையாமலே, டிராக்டரின் கட்டுப்பாட்டு வால்வு வழியே எண்ணெய் கசிவதால், பாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். ஓட்டுநர் காலையில் வைத்த சாய்வு மதியத்துக்குள் மாறியிருக்கும். அவர் எதையும் தொட்டிருக்க மாட்டார். வேலை மட்டும் கெட்டிருக்கும். கவனம் தவறிய செயல் என்று உமாசுவாதி சொன்னதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

விளைவு மண்ணில் தெரிகிறது. ஒரே ஆழத்தில் திரும்பத் திரும்ப உழுத நிலத்தில், கொழு உரசும் மட்டத்துக்குக் கீழே மண் பலகை போல இறுகுகிறது. வேர் இறங்காது, தண்ணீர் இறங்காது. ரோட்டவேட்டரால் மாவாக அடித்த மேல்மண் கனமழையில் கரைந்து சக்கரத் தடங்கள் வழியே சரிவில் ஓடுகிறது. புகெகோஹே சரிவுகளில் இது பெரிய கவலை. அங்கிருந்து ஓடும் நீர் ஒரு பக்கம் மனுகாவ் துறைமுகத்துக்கும் மறுபக்கம் வைகாட்டோ ஆற்றுக்கும் போகிறது. அதனால்தான் அங்குள்ள விவசாயிகள் சக்கரத் தடத்தைக் கீறிவிடுகிறார்கள், தடத்தில் குழிகள் போட்டுத் தண்ணீரைத் தேக்குகிறார்கள், வயலின் கீழ்க்கோடியில் வண்டல் படியக் குட்டை வெட்டுகிறார்கள். தடம் கீறும் அந்த முனைக்கும் சாய்வு உண்டு. இறுக்கத்துக்குக் கீழே இறங்கினால் தண்ணீர் உள்ளே போகும். மேலோட்டமாகக் கிளறினால் ஓடுகிற தண்ணீருக்கு இன்னும் கொஞ்சம் தளர்ந்த மண்ணைக் கொடுத்ததோடு சரி. ஒரு கை லிவரில் செய்யும் சில சென்டிமீட்டர் வேறுபாடு, மண்புழு வாழும் அடுக்கு இருக்குமா, துறைமுகத்துக்குப் போகுமா என்பதில் பங்கு வகிக்கிறது.

இது தொழில்நுட்பம்தானே, இதில் அறம் எங்கே வந்தது என்று கேட்கலாம். திறமையில்லாதவன் பாவியா? இல்லை. ஆனால் திருத்த முடிந்ததைத் திருத்தாமல் விடுவது திறமைக் குறைவில் சேராது. மரை போட்ட தண்டோடு உழுதவருக்கு ஒரு நியாயம் இருந்தது: ஒவ்வொரு மேட்டிலும் இறங்கி ஏற மனித உடலால் முடியாது. லிவர் கைக்கு எட்டியதும் அந்த நியாயம் போய்விடுகிறது. கருவி வசதியைக் கூட்டும்போது கடமையையும் கூட்டுகிறது என்பதை நம் ஆயுத பூஜை மரபு உள்ளூர உணர்ந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் பொட்டும் பூவும் வைத்த டிராக்டரில் லாக் வால்வு கசிந்தால் அந்தப் பூஜையில் பாதி பாக்கி.

அடுத்த ஆட்சேபம் கனமானது. எண்ணம் தூயதாக இருந்தால் போதாதா? உழவன் யாரையும் கொல்ல நினைக்கவில்லையே. பௌத்தர்களின் மஜ்ஜிம நிகாயத்திலுள்ள உபாலி சூத்திரம் இந்த வழக்கைத்தான் பேசுகிறது: உடலால் செய்வதே பெரும் குற்றம் என்று சமணர் பக்கமும், மனத்தால் செய்வதே பெரிது என்று புத்தரும் நிற்கிறார்கள். நான் மனத்தின் பக்கம் சாய்கிறேன், ஒரு திருத்தத்தோடு. அசட்டையும் மனத்தின் செயல்தான். கெடுதல் நினைக்கவில்லை என்பது நல்லதை நினைத்தோம் என்று ஆகாது. மண்ணை ஒருமுறைகூடத் தோண்டிப் பார்க்காமல் நாள் முழுக்க ஓட்டியவர் மனத்தில் பகை இல்லை, உண்மை; அந்த மண் அவர் மனத்திலேயே இல்லை என்பதும் உண்மை.

அப்படியானால் உழவையே விட்டுவிட்டால் என்ன? ஜப்பானிய விவசாயி ஃபுகுவோகா உழாமல் நெல் விளைவித்துக் காட்டினார். தானியப் பயிர்களுக்கு அந்த வழி நல்ல வழி. அதன் அறநியாயத்தை மறுக்க எனக்கு வாதம் இல்லை. ஆனால் பெரும்பரப்பில் உழாமல் விதைப்பவர்கள் பெரும்பாலும் களைக்கொல்லியை நம்புகிறார்கள். கொழு செய்த கொலையை ரசாயனம் செய்கிறது. உருளைக்கிழங்குக்கு மண் அணைக்க வேண்டும், தோண்டித்தான் எடுக்க வேண்டும். அதை உண்பதென்று முடிவுசெய்த சமூகம் மண்ணைத் திறப்பதையும் சேர்த்தே முடிவுசெய்துவிட்டது. சமணர் உண்ணாமல் விட்டது இந்தக் கணக்கில் நேர்மையானது. உண்ணும் நமக்கு மிச்சமிருப்பது, எவ்வளவு குறைவாகத் திறப்பது என்ற கேள்விதான்.

கடைசியாக, இந்தப் பொறுப்பு முழுவதையும் கூலிக்கு ஓட்டும் ஒருவர் தலையில் வைப்பது நியாயமா? வைக்கக் கூடாது. சமண அறநூல்கள் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று மூன்றாகப் பிரித்து மூவரையும் வினைக்குப் பொறுப்பாக்கின. ஆக்லாந்துத் தமிழ் வீட்டில் சாம்பாருக்கு வெங்காயம் உரிப்பவர் மூன்றாம் வகை. எந்த வயலில் எப்படி உழுதார்கள் என்று அவருக்குத் தெரிய வழியில்லை, அதனால் அவர் பங்கு சிறியது. பெரிய பங்கு செய்விப்பவருக்கு. மழைக்கு முன் இத்தனை ஏக்கர் முடிய வேண்டும் என்று நேரம் குறிப்பவர் அவர். லாக் வால்வு வாங்குவதா வேண்டாமா என்று தீர்மானிப்பவரும், விளையும் நிலத்தில் ஒரு பகுதியை வண்டல் குட்டைக்கு விட்டுக்கொடுக்கக் கூடியவரும், ஓட்டுநர் பாதி வயலில் இறங்கி உழவின் ஆழத்தைக் கையால் தோண்டிப் பார்க்கும் நேரத்துக்கும் கூலி கொடுக்கக் கூடியவரும் அவர் ஒருவர்தான்.