சபையாகக் கூடி ஆராதிப்பதற்கான நெறிகள்

கிறிஸ்தவ வாழ்வில் தனி ஜெபமும் சபை ஆராதனையும் வெவ்வேறு கடமைகள். தனி ஜெபத்தில் ஒருவர் தமக்குத் தெரிந்த சொற்களில், தமக்கு வேண்டிய அளவு நேரம் எடுத்துக்கொண்டு மன்றாடலாம். சபை ஆராதனையில் குழந்தைகள், முதியவர்கள், படித்தவர்கள், எழுத்தறியாதவர்கள் என எல்லாரும் ஒரே உடலாகக் கடவுள்முன் நிற்கிறார்கள். போதகர் அதை நடத்துகிறார், ஆராதிப்பது சபை. அதனால் அங்கே சொல்லப்படுவதும் பாடப்படுவதும் செய்யப்படுவதும் கூடியிருக்கும் அனைவருக்கும் உரியதாக இருக்க வேண்டும். ஆராதனையின் மற்ற நெறிகள் எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன.

இந்த நெறிகளை விரிவாகப் பேசும் மிகப் பழைய ஆவணம், ஏறத்தாழ கி.பி. 55இல் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபம். அந்தச் சபையின் ஆராதனையில் இரண்டு சீர்கேடுகள் இருந்தன. கர்த்தருடைய பந்திக்குக் கூடும்போது வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டார்கள். இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். ஜெபவேளையிலோ, மற்றவர்களுக்கு விளங்காத அந்நிய பாஷைகளில் பலர் பேசினார்கள். முதல் குறையைப் பதினோராம் அதிகாரத்திலும் இரண்டாவதைப் பதினான்காம் அதிகாரத்திலும் பவுல் திருத்துகிறார். அந்நிய பாஷை பேசும் வரத்தை அவர் மறுக்கவில்லை. ஆனால் பேசுவோர் இரண்டு மூன்று பேருக்கு மேற்படாமல் ஒருவர்பின் ஒருவராகப் பேசவேண்டும், அர்த்தம் சொல்ல ஆள் இல்லையென்றால் சபையில் பேசாமலிருக்க வேண்டும் என்று வரம்பு கட்டுகிறார். விளங்காத ஜெபத்துக்கு அருகில் இருப்பவர் ஆமென் சொல்ல வழியில்லை என்பதே அவர் காட்டும் காரணம். எல்லாருடைய பக்திவிருத்தி, புரிதல், ஒழுங்கு என்ற மூன்று அளவுகோல்கள் இந்த அதிகாரங்களிலிருந்து திருச்சபைக்குக் கிடைத்தன.

ஒரு நூற்றாண்டுக்குப் பின், ரோமாபுரியில் இருந்த கிறிஸ்தவ ஆசிரியர் யுஸ்தீன், ஞாயிறு ஆராதனை எப்படி நடந்தது என்பதைப் பேரரசருக்கு எழுதிய விண்ணப்பத்தில் விவரிக்கிறார். நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுகிறார்கள். அப்போஸ்தலரின் குறிப்புகளும் தீர்க்கதரிசிகளின் எழுத்துகளும் நேரம் உள்ளவரை வாசிக்கப்படுகின்றன. தலைமை வகிப்பவர் புத்தி சொல்கிறார். எல்லாரும் எழுந்து நின்று ஜெபிக்கிறார்கள். அப்பமும் திராட்சரசமும் கொண்டுவரப்பட, அவர் நன்றி ஏறெடுக்கிறார். மக்கள் ஆமென் சொல்கிறார்கள். வர இயலாதவர்களுக்கு உதவிக்காரர்கள் பங்கு எடுத்துச் செல்கிறார்கள். காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறைப்பட்டவர்களுக்கும் செலவிடப்படுகிறது. முதலில் திருவசனம், பின்பு திருவிருந்து என்னும் இந்த அமைப்பு கிழக்கிலும் மேற்கிலும் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

ஆராதனையில் எதைச் சேர்க்கலாம், எதைத் தள்ளவேண்டும் என்ற கேள்வி பதினாறாம் நூற்றாண்டின் சீர்திருத்தத்தில் கூர்மையாக எழுந்தது. வேதம் தடை செய்யாதவற்றைச் சபையின் நன்மைக்காக வைத்துக்கொள்ளலாம் என்றார் லூத்தர். பழைய வழிபாட்டு முறையில் பெரும்பகுதியைக் காத்து, மக்கள் பாடப் புதிய பாடல்களையும் எழுதினார். சடங்குகளை வகுக்கத் திருச்சபைக்கு அதிகாரம் உண்டு, ஆனால் வேதத்துக்கு மாறாக எதையும் வகுக்கக் கூடாது என்பது ஆங்கிலிக்கன் சபையின் நிலை. ஸ்விங்ளி, கால்வின் வழிவந்த சீர்திருத்த சபைகளோ வேதம் கட்டளையிட்டதை மட்டுமே ஏற்றன. சூரிக் நகரில் ஸ்விங்ளி பாட்டையும் ஆர்கன் இசையையும் ஆராதனையிலிருந்து நீக்கினார். ஜெனிவாவில் கால்வின் சங்கீதங்களைச் சபையார் பாட வழிசெய்தார். 150 சங்கீதங்களும் அடங்கிய பாட்டுப் புத்தகம் 1562இல் முழுமை பெற்றது. கத்தோலிக்க, கிழக்கத்திய சபைகள் வேதத்தோடு பாரம்பரியத்தையும் சான்றாகக் கொள்கின்றன. முடிவுகள் வேறானாலும் ஒன்றில் எல்லாரும் இசைகிறார்கள்: நடத்துபவரின் சொந்த விருப்பமோ கூட்டத்தின் ரசனையோ மட்டும் ஆராதனைக்கு ஆதாரமாக முடியாது.

புரிதல் என்னும் நெறி மொழியில் வெளிப்படுகிறது. லூத்தரின் ஜெர்மன் ஆராதனை முறை 1526இலும், ஆங்கில மொழியின் பொது ஜெபப் புத்தகம் 1549இலும் வெளிவந்தன. கத்தோலிக்கத் திருச்சபையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டு ஆவணம் மக்கள் மொழிக்கு வழி திறந்தது. இறைமக்கள் முழுமையாகவும் உணர்ந்தும் செயலூக்கத்தோடும் பங்கேற்பது திருமுழுக்கினால் வந்த உரிமையும் கடமையும் என்று அது அறிவித்தது. தமிழகப் புராட்டஸ்டன்ட் சபைகளில் மக்கள் மொழியில் ஆராதிக்கும் பணி, 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்க் காலத்திலேயே தொடங்கியது. பின்னர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக ராகங்களில் இயற்றிய கீர்த்தனைகள், விசுவாசத்தை மக்கள் தம் சொந்த இசையில் அறிக்கையிட உதவின.

புரிந்தால் மட்டும் போதாது, பங்கேற்கவும் வேண்டும். எழுதப்பட்ட ஜெபத்தில் சபையார் தம் பங்கை அறிந்து மறுமொழி சொல்கிறார்கள். நடத்துபவரின் மனநிலைக்கு அவர்கள் கட்டுப்பட வேண்டியதில்லை. மனதிலிருந்து எழும் ஜெபமோ அந்த வாரத்தின் துயரத்தையும் தேவையையும் கடவுள்முன் வைக்கிறது. இரண்டும் சபையின் ஜெபமாக ஆகும்போதே தகுதி பெறுகின்றன. பாடகர் குழுவுக்கும் இசைக்கருவிக்கும் இதே அளவுகோல்தான். சபையாரின் குரலைத் தாங்கினால் அவை ஊழியம் செய்கின்றன; அதை மூழ்கடித்தால் சபையார் பார்வையாளர்களாகிவிடுகிறார்கள்.

இந்த நெறிகளை ஒருசேரக் காட்டும் முறை தென்னிந்தியாவில் உருவானது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனார்கள். 1950இல் இச்சபை தனக்கென ஒரு திருவிருந்து ஆராதனை முறையை வகுத்தது. அதில் குருவானவர் மேசைக்குப் பின்னால், மக்களை நோக்கி நிற்கிறார். கேரளத்துச் சிரியன் மரபிலிருந்து சமாதானம் கொடுக்கும் வழக்கம் எடுத்துக்கொள்ளப்பட்டது. கொடுப்பவர் தம் வலது உள்ளங்கையைப் பெறுபவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்கிறார். இருவரும் மற்றவரின் வலது கையை இடது கையால் மூடுகிறார்கள். மேசையருகே தொடங்கும் சமாதானம் கைகள் வழியே கடைசி வரிசைவரை செல்கிறது. பிற நாடுகளின் சபைகள் தம் முறைகளைப் புதுப்பித்தபோது இந்த முறையைக் கவனமாகக் கற்றன.

கைகோத்துச் சமாதானம் சொல்லும் சபைக்குள் ஏற்றத்தாழ்வு இருக்க முடியாது. பொன்மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இடமும் ஏழைக்குக் கீழிடமும் கொடுப்பதை யாக்கோபின் நிருபம் கண்டிக்கிறது. தமிழகச் சபைகளில் இந்தப் பாவம் சாதியின் உருவில் வந்தது. இருக்கை பிரிந்தது, திருவிருந்தில் பாத்திரத்தை அணுகுவதிலும் முன்பின் பார்க்கப்பட்டது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டை முற்றாகக் கைவிட ஆணையிட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையைவிட்டு விலகினார்கள். கீர்த்தனைகளைத் தந்த வேதநாயகம் சாஸ்திரியாரே சாதி ஆசாரத்தைத் தாங்கி எழுதியவர்களில் ஒருவர். இனிய பாட்டும் தூய தமிழும் இருந்தும் பந்தி பிளவுபட்டிருந்தால் அது கொரிந்து சபையின் குற்றமே.

ஆராதனை ஆசீர்வாதத்தோடு முடிகிறது. அதன் கடமை முடிவதில்லை. காணிக்கை ஏழைகளுக்கும், திருவிருந்தின் பங்கு நோயாளியின் படுக்கைக்கும் போகவேண்டும் என்பது யுஸ்தீன் காலத்து வழக்கம். அதைக் கைவிடச் சபைக்கு உரிமை இல்லை.

ஆகவே எந்தச் சபையும் தன் ஆராதனையைச் சில கேள்விகளால் சோதிக்கலாம். அது வேதத்துக்கு இசைகிறதா? கடைசி இருக்கையில் இருப்பவருக்கு விளங்குகிறதா? அவர் வாய் திறந்து பாடவும் ஆமென் சொல்லவும் இடம் இருக்கிறதா? எல்லாரும் ஒரே பந்தியில் சமமாகச் சேர்கிறார்களா? வராதவரையும் இல்லாதவரையும் சபை நினைக்கிறதா? இவற்றில் ஒன்று குறைந்தாலும் நடப்பது சிலருடைய ஆராதனையே. சபையின் ஆராதனை ஆகாது.