இளைப்பு ஆறும் இடம்

'இளைப்பாறுதல்' என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். மத்தேயு நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில், சுமை தூக்கிக் களைத்தவர்களை இயேசு தன்னிடம் கூப்பிடும் இடத்தில் வருகிற சொல் அது. சுவர்களிலும் வேன்களின் பின்கண்ணாடியிலும் எழுதி எழுதி, அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதையே விட்டுவிட்டோம்.

இளைப்பு என்றால் களைப்பு. மூச்சு வாங்குவதற்கும் அதுதான் பேர். ஆஸ்துமாவை இளைப்பு நோய் என்பார்கள். ஆறுதல் என்பது ஆறுவது. சூடு ஆறும், புண் ஆறும், மனசு ஆறும். இலக்கணமாகப் பார்த்தால் 'ஆறு' தன்வினை. மருந்து போடலாம், கட்டுப் போடலாம். ஆறுவது தானாகத்தான் ஆகும். 'நான் முயற்சி பண்ணி ஆறினேன்' என்று எந்தப் புண்ணும் சொல்வதில்லை.

அப்படியானால் ஒரு கேள்வி வருகிறது. ஆறுவது நம் கையில் இல்லை என்றால், 'விசுவாசி' என்று நம்மிடம் கேட்கப்படுவது என்ன? அது நாம் செய்து காட்ட வேண்டிய வேலையா?

இதை நான் வெறும் இறையியல் புதிராக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊர் தம்மம்பட்டி. கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவில், சுவேத நதிக்கரையில் இருக்கிறது. மரச்சிற்பத்துக்குப் பேர்போன ஊர். பெரியப்பா ஒரு பட்டறையில் வாழ்நாள் முழுக்கச் சாமி சிலை செதுக்கியவர். நுரையீரல் கெட்டு, இரண்டு வருஷம் உட்கார்ந்தபடியே தூங்கினார். அந்தச் சமயத்தில்தான் பெரியம்மா ஜெபக்கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தார். முழங்கால் தேய ஜெபித்தார். பெரியப்பா பிழைக்கவில்லை. பதினாறாம் நாள் கழிந்து பார்க்க வந்த ஒருவர், ஆறுதல் சொல்கிற குரலிலேயே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். பெரியம்மா அதை என்னிடம் இப்படிச் சொன்னார்: "எனக்கு விசுவாசம் பத்தலையாம் கண்ணு. பத்தியிருந்தா அவரு எந்திரிச்சிருப்பாராம்."

அந்த ஒரு வாக்கியம் என்ன செய்தது என்று பாருங்கள். கணவனை இழந்தவளிடம், அந்தச் சாவுக்குக் கணக்குச் சொல்லும் பொறுப்பையும் கொடுத்துவிட்டது. சுமையை இறக்க வந்த இடத்தில் இன்னொரு சுமை.

பவுல் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய கடிதங்களின் மையமே, மனிதன் தன் செயல்களால் கடவுள் முன் நேர்மையானவன் ஆக முடியாது, விசுவாசத்தால்தான் ஆகிறான் என்பது. 16ஆம் நூற்றாண்டில் லூதர் பிடித்துக்கொண்டதும் இதைத்தான். நோன்பு, யாத்திரை, பாவமன்னிப்புச் சீட்டு என்று எண்ணிக்கொண்டே போகும் களைப்பிலிருந்து அவருக்குக் கிடைத்த விடுதலை அது. ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. விசுவாசத்தையே அளக்க ஆரம்பித்தால் அதுவும் ஒரு செயலாகிவிடும். அதுவும் மிகக் கொடிய செயல். நோன்பையாவது எண்ணிவிடலாம், நாற்பது நாள் என்றால் நாற்பது நாள். விசுவாசம் எத்தனை கிலோ இருந்தால் போதும்? யாருக்கும் தெரியாது. அதனால் எப்போதும் பத்தாமலேயே இருக்கும்.

சரி, பிரதி என்ன சொல்கிறது? வலிப்பு வந்த மகனைத் தூக்கிக்கொண்டு ஒரு தகப்பன் வருகிற கதை மத்தேயுவிலும் மாற்கிலும் இருக்கிறது. சீடர்களால் குணமாக்க முடியவில்லை. மாற்குவில் அந்தத் தகப்பன், தன்னிடம் நம்பிக்கையும் இருக்கிறது, அவநம்பிக்கையும் இருக்கிறது என்று கத்தியே சொல்லிவிடுகிறான். பையன் குணமாகிறான். மத்தேயுவில் 'விசுவாசக் குறைவு' என்ற கண்டிப்பு வருகிறது. யாரைப் பார்த்து? தகப்பனைப் பார்த்து அல்ல, ஜெபிக்கப் போய் முடியாமல் திரும்பிய சீடர்களைப் பார்த்து. அளவு கேட்டால் கடுகளவு போதும் என்கிறார். நாசரேத்தில் ஜனங்களின் அவநம்பிக்கையால் அதிகம் செய்ய முடியவில்லை என்று மாற்கு எழுதுவதும் உண்மைதான். ஆனால் அது அவரை ஏளனம் பண்ணித் தள்ளிய ஊரைப் பற்றியது. கதறிக்கொண்டு வந்தவர்களைப் பற்றியது அல்ல.

இன்னொரு கதையும் இருக்கிறது. மாற்கு 2ஆம் அதிகாரம். நடக்க முடியாத ஒருவனை நாலு பேர் தூக்கி வருகிறார்கள். கூட்டத்தில் நுழைய வழியில்லை. கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்குகிறார்கள். இயேசு பார்த்தது 'அவர்களுடைய' விசுவாசத்தை என்று எழுதியிருக்கிறது. பன்மை. படுத்துக் கிடந்தவன் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் தனியாக என்ன நம்பினான் என்று யாரும் கேட்கவும் இல்லை.

இந்த இடத்தில் நம் தமிழ்ச் சொல்லே ஒரு உதவி செய்கிறது. சபைக்கு வெளியே விசுவாசம் என்றால் நமக்கு என்ன பொருள்? நன்றி மறவாமை, கைவிடாமை. நாய்க்கு விசுவாசம் இருக்கிறது என்கிறோம். நாய் ஏதோ கோட்பாட்டை ஏற்றுக்கொண்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. கிரேக்க மூலத்தில் உள்ள 'பிஸ்திஸ்' என்ற சொல்லுக்கும் இந்த இரண்டு முகமும் உண்டு: நம்புவது, நம்பத்தகுந்தவராக நிற்பது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'நம்பிக்கை' என்று எழுதுகிறது. தெளிவான சொல்தான். ஆனால் பழைய 'விசுவாசம்' வைத்திருந்த இரண்டாவது முகம் அதில் மங்கிப்போகிறது.

பவுலின் கடிதங்களில் 'கிறிஸ்துவின் பிஸ்திஸ்' என்று ஒரு தொடர் வருகிறது. அது கிறிஸ்துவின் மேல் நாம் வைக்கும் நம்பிக்கையா, கிறிஸ்துவே காட்டிய விசுவாசமா? கிரேக்க இலக்கணம் இரண்டுக்கும் இடம் தருகிறது. அமெரிக்க அறிஞர் ரிச்சர்ட் ஹேஸ் 1983இல் வெளியிட்ட நூலில் இரண்டாவது பக்கம் நின்று வாதிட்டார். விவாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு அந்த இரண்டாவது வாசிப்புதான் நெஞ்சில் நிற்கிறது. அதன்படி நம்மைத் தாங்குவது நம் பிடியின் பலம் இல்லை; பிடித்திருப்பவர் விடாமல் இருப்பது.

வைணவம் தெரிந்தவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். குரங்குக்குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். வடகலைக்கும் தென்கலைக்கும் இடையே இருந்த வழக்கு இது. நம் அன்றாடத்தில் 'மீட்பு' என்ற சொல்லும் இந்தப் பூனை பக்கம்தான் சாய்கிறது. அடகு வைத்த நகையை மீட்கிறோம். நகை அதற்காக எதுவும் செய்வதில்லை. பெட்டகத்துக்குள் கிடந்து 'எனக்குத் தகுதி இருக்கிறதா' என்று அது கவலைப்பட்டாலும் வட்டி குறையாது. வந்து மீட்பவருக்கு அது வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் மனிதன் வெறும் சாமானா, சும்மா கிடந்தால் போதுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. செயல் இல்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபின் கடிதம் அடித்துச் சொல்கிறது. லூதருக்கு அது பிடிக்கவேயில்லை. 1522இல் எழுதிய முன்னுரையில் அதை வைக்கோலோடு ஒப்பிட்டார். ஆனால் யாக்கோபு கொடுக்கும் உதாரணத்தைப் பாருங்கள். உடுத்தத் துணியில்லாமல், சாப்பாடில்லாமல் வந்தவரிடம், போய்க் குளிர்காய்ந்து வயிறாரச் சாப்பிடு என்று வாயால் சொல்லி அனுப்புகிற ஆள்தான் அவருடைய குற்றவாளி. பெரியம்மா வீட்டுக்கு வந்து, ஒரு வேளைச் சோறு வடித்துக் கொடுக்காமல், விசுவாசத்தை அளந்துவிட்டுப் போனவரை யாக்கோபு எந்த வரிசையில் வைப்பார்? அவர் கேட்கும் செயல் மீட்பை வாங்கக் கொடுக்கும் விலை இல்லை. மீட்ட நகையைப் பெட்டியில் பூட்டாமல் கழுத்தில் போட்டுக்கொள்வது.

மத்தேயுவின் அதே இடத்தில், இளைப்பாறக் கூப்பிட்ட கையோடு இயேசு ஒரு நுகத்தையும் நீட்டுகிறார். களைத்த மாட்டுக்கு இன்னொரு நுகத்தடியா? தன் நுகம் எப்படிப்பட்டது என்று சொல்ல அங்கே வரும் கிரேக்கச் சொல் 'கிரேஸ்தோஸ்'. நல்லது, இதமானது, உறுத்தாதது. இயேசு மரவேலை செய்தவர் என்கிறது மாற்கு. ஏர்களும் நுகத்தடிகளும் செய்தார் என்று 2ஆம் நூற்றாண்டில் ஜஸ்டின் எழுதினார். மரம் இழைக்கிற ஊரில் பிறந்தவனுக்கு இது சட்டென்று புரியும். சரியாக இழைக்காத நுகத்தடி கழுத்தைப் புண்ணாக்கும். அளவெடுத்து இழைத்தது உழவைக் குறைக்காது, புண்ணைக் குறைக்கும். நுகத்தில் இன்னொரு விஷயமும் உண்டு: வழக்கமாக அதில் இரண்டு மாடு. தனியாக இழுக்க வேண்டியதில்லை.

எபிரெயருக்கு எழுதிய கடிதத்தின் 4ஆம் அதிகாரம் இன்னும் விசித்திரமாகப் பேசுகிறது. கடவுளின் ஓய்வு இன்னும் திறந்தே இருக்கிறது, அதற்குள் நுழையப் பாடுபடுங்கள் என்கிறது. ஓய்வெடுக்கப் பாடுபடுவதா! ஆனால் அதற்கு முந்தைய அதிகாரத்தில் என்ன பாடு என்பதற்கு ஒரு குறிப்பு இருக்கிறது. தினமும் ஒருவரை ஒருவர் தேற்றுங்கள், உங்களில் ஒருவரும் கடினப்பட்டுப் போகாதபடி பாருங்கள் என்று. பாடு நம் உள்ளத்தைக் கசக்கிப் பிழிவதில் இல்லை. பக்கத்தில் இருப்பவர் வெளியே நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதில் இருக்கிறது.

அந்த ஓய்வு நாளின் வேரும் அங்கேதான். உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் ஓய்வு உனக்கு மட்டும் இல்லை. வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் மாட்டுக்கும் கழுதைக்கும் அந்நியனுக்கும் உண்டு. காரணமும் சொல்லியிருக்கிறது: நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தவன். மாட்டுப் பொங்கலன்று நாம் மாட்டை ஏரில் பூட்டுவதில்லை. அந்த மாடு எவ்வளவு உழுதது, எவ்வளவு நம்பியது என்று அன்றைக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. குளிப்பாட்டி, பொட்டு வைத்து, பொங்கலை ஊட்டிவிடுகிறோம். மாட்டுக்கே இந்த மரியாதை தெரிந்த ஊரில், துக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷியிடம் விசுவாசக் கணக்குக் கேட்பதற்கு விவிலியத்தைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.